ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் வாங்கும்போது பிக்கப்பை லோ பி-யை வைத்து முடிவு செய்யுங்கள்

நான்கு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டாரில் கை ஓரளவு ஓட ஆரம்பித்ததும் ஐந்து ஸ்ட்ரிங் மேல் கண் போவது இயல்புதான். பாடகர் "ஸ்கேலை ஒன்று இறக்குங்க" என்று சொன்னதும் டி-யில் இருந்த பாட்டு சி-க்கு வந்துவிடும். நான்கு ஸ்ட்ரிங்கில் அந்த சி, ஏ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃப்ரெட்டில்தான் கிடைக்கும். பாட்டுக்கு அடியில் இருந்த கனம் போய்விடும். ஐந்து ஸ்ட்ரிங்கில் கூடுதலாக வரும் தடித்த ஸ்ட்ரிங்கான லோ பி-யின் முதல் ஃப்ரெட்டிலேயே அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சி கிடைக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்.

கடைக்குப் போனால்தான் குழப்பம். ஒரு பேஸில் நடுவில் ஒரே ஒரு பெரிய பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பகுதி). பக்கத்தில் இருப்பதில் மெல்லிசாக இரண்டு. அடுத்ததில் துண்டு துண்டாக ஒன்றும் பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகள் உடலில் ஊன்றி நிற்கும் இடம்) ஓரத்தில் இன்னொன்றும். எதை எடுப்பது? நண்பர்களைக் கேட்டால் "ஜாஸ் எடு, எல்லாத்துக்கும் ஆகும்", "பிரிசிஷன்தான் பேஸ்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் (இரண்டும் ஃபெண்டர் கம்பெனியின் பேஸ் வகைகள்). அந்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை நான்கு ஸ்ட்ரிங்கை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. ஐந்து ஸ்ட்ரிங்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த பிக்கப் அமைப்பில் லோ பி தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான். மற்ற நான்கு ஸ்ட்ரிங்குகளும் எந்த அமைப்பிலும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்.

முதலில் லோ பி-யைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஓப்பன் லோ பி சுமார் 31 ஹெர்ட்ஸ். மேடையில் நாம் பயன்படுத்தும் 10 அங்குல ஸ்பீக்கர் கேபினட்டுகளில் பலவும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சட்டென்று அடங்கிவிடும். அப்படியானால் லோ பி எப்படிக் கேட்கிறது? அதன் ஹார்மோனிக்ஸ் வழியாக. 31-க்கு மேல் 62, 93, 123 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக அதே ஸ்ட்ரிங்கில் அதிர்வுகள் இருக்கின்றன. காது இவற்றைக் கேட்டு அடியில் இருக்கும் சுருதியைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்கிறது. ஹார்மோனிக்ஸ் தெளிவாக இருந்தால் லோ பி தெளிவாக இருக்கும். அவை மங்கினால் ஏதோ ஒரு உறுமல் மட்டும்தான் மிஞ்சும், எந்த ஸ்வரம் என்று கூட வாசிப்பவர்களுக்கே தெரியாது.

ஹார்மோனிக்ஸ் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பிக்கப் இருக்கும் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஃப்ரெட்போர்டு முடியும் இடத்துக்கு அருகே, அதாவது நெக் பக்கம், ஸ்ட்ரிங் அகலமாக ஆடும். அங்கே பிக்கப் வைத்தால் அடிச்சுருதி ஓங்கி, சத்தம் உருண்டையாகவும் பெரிதாகவும் வரும். பிரிட்ஜ் அருகே ஸ்ட்ரிங் கொஞ்சமாகத்தான் ஆடும். அங்கே அடிச்சுருதி குறைந்து ஹார்மோனிக்ஸ் முன்னால் வரும், சத்தம் இறுக்கமாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். ஈ ஸ்ட்ரிங்கில் அழகாக இருக்கும் நெக் பக்கத்து உருண்டைச் சத்தம், லோ பி-யில் கொழகொழத்துப் போகலாம். அதனால் ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் பிரிட்ஜ் பக்கமாகவும் ஒரு பிக்கப் இருப்பது நான்கு ஸ்ட்ரிங்கை விட முக்கியம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிங்கே தொளதொளவென்று இருந்தால் எந்த பிக்கப்பும் காப்பாற்றாது. லோ பி-யின் இறுக்கம் பேஸின் ஸ்கேல் நீளத்தையும் (ஸ்ட்ரிங் அதிரும் பகுதியின் நீளம்) ஸ்ட்ரிங்கின் தடிமனையும் பொறுத்தது. 34 அங்குலம் வழக்கமான அளவு; 35 அங்குல ஸ்கேல் உள்ளவற்றில் அதே ஸ்ட்ரிங் இன்னும் விறைப்பாக நிற்கும், ஆனால் முதல் ஃப்ரெட்டுகளில் விரல் இன்னும் விரிய வேண்டியிருக்கும். ஆம்பில் செருகுவதற்கு முன் வெறுமனே மீட்டிப் பாருங்கள். கையில் பிடித்திருக்கும்போதே லோ பி திடமாக அதிர்ந்து நின்றால்தான் பிக்கப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.

எதை, எங்கே வாசிக்கப் போகிறீர்கள்

இதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. அடுத்த ஒரு வருஷத்தில் நீங்கள் உண்மையில் வாசிக்கப் போவது என்ன? லைட் மியூசிக் கச்சேரியா, சர்ச்சா, வீட்டில் ரெக்கார்டிங்கா, மெட்டல் பேண்டா? கனவில் இருப்பதை எழுத வேண்டாம், காலண்டரில் இருப்பதை எழுதுங்கள்.

லைட் மியூசிக்கில் ஒரே இரவில் எழுபதுகளின் மெலடியும் போன மாதம் வந்த குத்துப் பாட்டும் அடுத்தடுத்து வரும். இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக ஒரு ராகமே பாடும்; அந்த லைன்கள் கேட்பவர் காதில் விழ மிட் ஃப்ரீக்வன்சி, அதாவது நடு ஓசை, வேண்டும். இப்போதைய பாட்டுகளில் பாதிக்கு பேஸ் சிந்தசைசரில் வாசித்ததாக இருக்கும். அதற்கு அடி வேண்டும், லோ பி வேண்டும். இந்த மாதிரி கலவைக்கு இரண்டு பிக்கப் உள்ள பேஸ் சௌகரியம். பக்கத்தில் கீபோர்டு வாசிப்பவர் இடது கையால் பேஸையும் சேர்த்து அமுக்குபவராக இருந்தால் பிரிட்ஜ் பிக்கப் கட்டாயம். இல்லாவிட்டால் நீங்கள் வாசிப்பது அவருக்குள்ளேயே கரைந்துவிடும்.

மேடையின் மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். திருவிழா மேடையில் ஜெனரேட்டர், சீரியல் லைட், டிம்மர் எல்லாம் ஒரே லைனில் ஓடும். சிங்கிள் காயில் (ஒரே கம்பிச் சுருள் உள்ள) பிக்கப் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை, அதாவது ஹம்மை, அப்படியே இழுத்து ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று கொடுக்கும். அந்த இரைச்சலும் அதன் மடங்குகளும் விழுவது லோ பி புழங்கும் அதே பகுதியில். ஹம் கேன்சலிங் வகை பிக்கப் இதைப் பெருமளவு அடக்கும். எர்த் சரியில்லாத லைனில் வரும் இரைச்சலை மட்டும் எந்த பிக்கப்பாலும் அடக்க முடியாது. அப்படிப்பட்ட மேடையில் ஸ்ட்ரிங்கில் கை வைத்துக்கொண்டே மைக்கை உதட்டால் தொடாதீர்கள். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அமைப்புகள் ஒவ்வொன்றாக

பிரிசிஷன். ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் இரண்டு துண்டு பிக்கப் 1957-ல் வந்தது. இரண்டு துண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ஹம் இல்லை. சத்தம் நடுவில் திடமாக இருக்கும், ஒரு பேண்டுக்குள் இடம் தேடாமல் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து ஸ்ட்ரிங்கில் ஒரு துண்டின் மேல் மூன்று ஸ்ட்ரிங், மற்றதன் மேல் இரண்டு. வழக்கமான அமைப்பில் தடித்த ஸ்ட்ரிங்குகளுக்கான துண்டுதான் நெக் பக்கம் தள்ளி இருக்கிறது. லோ பி-க்கு நாம் வேண்டியதற்கு நேர் எதிர். இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் துண்டுகளை மாற்றி, தடித்த ஸ்ட்ரிங்கின் பக்கத்தை பிரிட்ஜை நோக்கி வைக்கிறார்கள். ரிவர்ஸ் பிரிசிஷன் என்பார்கள். பிரிசிஷன் மட்டும் உள்ள ஐந்து ஸ்ட்ரிங் வாங்குவதாக இருந்தால் இந்த மாற்றி வைத்த வகையையும் தேடி வாசித்துப் பாருங்கள்.

ஜாஸ். 1960-ல் வந்தது. இரண்டு மெல்லிய சிங்கிள் காயில், ஒன்று நெக் பக்கம், ஒன்று பிரிட்ஜ் பக்கம். தனித்தனி வால்யூம். இரண்டையும் முழுதாகத் திறந்தால் மிட் கொஞ்சம் குழிந்து, அடியும் மேலும் துலங்கும். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தன் 1977 ஜாஸ் பேஸில் வாசிக்கும் ஸ்லாப் (கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டியும் விரலால் சுண்டியும் வாசிப்பது) சத்தம் இந்த வகைதான். நெக் பிக்கப்பைக் குறைத்து பிரிட்ஜை மட்டும் வைத்தால் இன்னொரு பேஸ் கலைஞரான ஜாக்கோ பாஸ்டோரியஸின் பாடும் சத்தத்தின் திசைக்குப் போகலாம். லோ பி-க்கு ஜாஸ் நல்ல தோழன். பிரிட்ஜ் பிக்கப்பை முழுதாக வைத்து நெக்கைக் கொஞ்சம் இறக்கினாலே லோ பி-யின் வரிகள் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் ஒரு சிக்கல். இரண்டும் முழுதாக இருக்கும்போதுதான் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது. ஒன்றை இறக்கியதும் ஹம் திரும்பி வருகிறது. அதாவது லோ பி-க்கு எந்த நிலை நன்றாக இருக்கிறதோ அந்த நிலையில்தான் இரைச்சல். வீட்டில் ரெக்கார்டிங் செய்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. மேடைக்காரர் பார்க்க ஜாஸ் மாதிரியே இருந்து உள்ளே இரட்டைக் காயில் வைத்த ஹம் கேன்சலிங் பிக்கப் உள்ளதைத் தேடலாம்.

ஜாஸ் வகையிலேயே பிரிட்ஜ் பிக்கப்பின் இடத்தில் இரண்டு மரபுகள் உண்டு. அறுபதுகளின் அமைப்பை விட எழுபதுகளின் அமைப்பில் அது சுமார் 1 செ.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்திருக்கும். அந்த 1 செ.மீ. காதுக்கு நன்றாகவே தெரியும். எழுபதுகளின் இடத்தில் சத்தம் கூர்மை, ஸ்லாப்புக்குத் தோது. அறுபதுகளின் இடத்தில் பிரிட்ஜ் பிக்கப் தனியாகவே கொஞ்சம் சதைப்பற்றோடு ஒலிக்கும்.

பிரிசிஷனும் ஜாஸும் சேர்ந்த ஜோடி. கடையில் பிஜே என்பார்கள். யமஹாவின் பிபி வரிசை இதற்கு நல்ல உதாரணம். பிரிசிஷனின் உடம்பு, தேவைப்படும்போது பிரிட்ஜின் கூர்மை. காகிதத்தில் அருமை, கையில் எடுத்தால் இரண்டு விஷயங்களைச் சோதிக்க வேண்டும். பிரிசிஷன் துண்டு பொதுவாக ஜாஸ் துண்டை விடச் சத்தம் அதிகம். இரண்டு பிக்கப்பையும் கலக்கும் பிளெண்ட் குமிழைத் திருப்பும்போது ஒரு பக்கம் திடீரென்று சத்தம் விழுகிறதா என்று பாருங்கள். அடுத்தது ஹம். பிரிசிஷன் தன்னளவில் ஹம் இல்லாதது. அதனால் ஜாஸ் துண்டின் ஹம்மை அடித்துப் போட எதிரே ஆள் இல்லை. ஜாஸ் துண்டு ஹம் கேன்சலிங் வகையாக இருந்தால் மட்டுமே இந்த ஜோடி எல்லா நிலையிலும் அமைதியாக இருக்கும்.

ஒற்றை ஹம்பக்கர். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேதான் இதன் மூலம். ஐந்து ஸ்ட்ரிங் ஸ்டிங்ரே 1987-ல் வந்தது. பெரிய ஹம்பக்கர் (ஹம்மை அடக்க இரண்டு காயில் சேர்த்த பிக்கப்), பிரிட்ஜுக்கும் நடுவுக்கும் இடையில், கூடவே சத்தத்தைத் திருத்த ஆக்டிவ் ப்ரீஆம்ப். இந்த இடம் லோ பி-க்கு அமர்க்களமாகப் பொருந்துகிறது. அடியும் இருக்கிறது, விளிம்பும் இருக்கிறது, டிரம்ஸ் கிக்கோடு மோதாமல் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக எழுந்து நிற்கும். ராக், ஃபங்க், மெட்டல் வாசிப்பவர்கள் வேறு எதையும் பார்க்காமல் இதை எடுக்கலாம். பழைய மெலடிக்கு வேண்டிய மெத்தென்ற சத்தத்தை இதிலிருந்து வரவழைப்பதுதான் கஷ்டம். ட்ரெபிளைக் குறைத்தாலும் பிக்கப் இருக்கும் இடம் மாறாது இல்லையா? விலை ஒரு தடையாக இருந்தால் ஸ்டெர்லிங் பெயரில் வரும் ரே5 இதே அமைப்புதான்.

இரண்டு சோப்பார். இன்று கடையில் தொங்கும் ஐந்து ஸ்ட்ரிங்குகளில் நிறைய இந்த வகை. ஐபனேஸ் எஸ்ஆர் வரிசை, யமஹா டிஆர்பிஎக்ஸ்305 எல்லாம் இரண்டு பிக்கப்தான், இரண்டும் ஹம் அடக்குபவை. புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, சோப்பார் என்பது வெளிக்கூட்டின் வடிவம் மட்டுமே. அதே கூட்டுக்குள் சிங்கிள் காயிலும் இருக்கலாம், ஹம்பக்கரும் இருக்கலாம், பிரிசிஷன் மாதிரி இரண்டு துண்டும் இருக்கலாம். கூட்டைப் பார்த்துச் சத்தத்தை ஊகிக்க முடியாது, மாடலின் விவரத்தைப் படிக்க வேண்டும். இந்த வடிவத்தில் ஒரு நன்மை உண்டு. பிக்கப் தயாரிக்கும் ஈஎம்ஜி கம்பெனியின் 35, 40, 45 என்ற அளவுகளைப் பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். எண்கள் முறையே மூன்றரை, நான்கு, நாலரை அங்குல நீளத்தைக் குறிக்கும். பேஸில் குடைந்திருக்கும் குழி இந்த அளவுகளில் ஒன்றாக இருந்தால் நாளைக்கு வேறு பிக்கப் மாற்றுவது சுலபம். ஐந்து ஸ்ட்ரிங் ஜாஸ் வடிவ பிக்கப்புகளில் இந்த ஒழுங்கு குறைவு, கம்பெனிக்கு கம்பெனி நீளம் மாறும்.

என்னைக் கேட்டால், முதல் ஐந்து ஸ்ட்ரிங்குக்கு இரண்டு பிக்கப், இரண்டும் ஹம் கேன்சலிங், நடுவில் பிளெண்ட் குமிழ் என்று எடுப்பதுதான் சரி. எந்தச் சத்தம் உங்களுடையது என்று அதிலேயே ஒரு வருஷம் தேடலாம். ஒரே வகை இசையை மட்டும் வாசிப்பவர், தனக்கு வேண்டிய சத்தம் ஏற்கெனவே தெரிந்தவர், ஒற்றைப் பிக்கப்புக்குத் தாராளமாகப் போகலாம். மூன்று பிக்கப் உள்ளவற்றை இப்போதைக்கு விடுங்கள்.

சீரீஸ், பேரலல், பேட்டரி

சில பேஸ்களில் குட்டியாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஹம்பக்கருக்குள் இருக்கும் இரண்டு காயிலையும் எப்படி இணைப்பது என்பதை அது மாற்றும். சீரீஸில் சத்தம் அதிகம், மிட் தடிமன், மேல் ஓசை கொஞ்சம் மழுங்கும். பேரலலில் சத்தம் குறையும், ஆனால் சுத்தமாக, பளிச்சென்று இருக்கும். லோ பி பெரும்பாலும் பேரலலில்தான் தெளிவு. ஸ்டிங்ரேயின் துல்லியத்துக்கு அதன் காயில்கள் பேரலலில் இருப்பதும் ஒரு காரணம். சிங்கிள் நிலையில் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும், பல பேஸ்களில் அப்போது ஹம் வரும். இந்தச் சுவிட்ச் இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக ஒரு நல்ல பேஸை ஒதுக்க வேண்டாம்.

ஆக்டிவ் என்றால் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். கிட்டாரிலேயே பேஸ் (அடி ஓசை), ட்ரெபிள் (மேல் ஓசை), சிலவற்றில் மிட் கூட்டிக் குறைக்கலாம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிலவற்றில் இரண்டு சேர்த்து 18 வோல்ட். 18 வோல்ட்டில் ஓங்கி அடித்தாலும் சத்தம் எளிதில் உடையாது, ஸ்லாப் வாசிப்பவருக்கு உதவும். ஐந்து ஸ்ட்ரிங்கில் ஆக்டிவ் வைத்திருப்பவர்கள் செய்யும் பொதுவான காரியம் பேஸ் குமிழைக் கூட்டுவது. லோ பி கேட்கவில்லை என்றால் பேஸ் குமிழைக் கூட்டாமல் மிட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். வாங்கும்போது ஆக்டிவ், பேசிவ் (பேட்டரி இல்லாத நிலை) மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். கச்சேரி நடுவில் பேட்டரி இறந்தால் அதுதான் கைகொடுக்கும். சைர் கம்பெனியின் வி7 பேஸில் அது உண்டு. வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள், செருகியே வைத்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

கைக்கும் பிக்கப் வேண்டும்

பிக்கப் சத்தத்துக்கு மட்டுமல்ல, கட்டைவிரல் ஊன்றவும் அதுதான் இடம். ஐந்து ஸ்ட்ரிங்கில் லோ பி-யை வாசிக்கும்போது கட்டைவிரல் பிக்கப்பின் மேல் இருக்கும். மற்ற ஸ்ட்ரிங்குகளுக்குப் போகும்போது லோ பி-யின் மேலேயே இறங்கி அதைச் சத்தம் போடாமல் அமுக்கி வைக்கும். ஒற்றை ஹம்பக்கர் உள்ள பேஸில் ஊன்றும் இடம் பிரிட்ஜ் பக்கம் மட்டுமே, மெத்தென்று வாசிக்க நெக் பக்கம் போனால் கட்டைவிரலுக்கு ஆதாரம் இருக்காது. ஸ்லாப் வாசிப்பவர்கள் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். 24 ஃப்ரெட் உள்ள 34 அங்குல பேஸில் கடைசி ஃப்ரெட் பிரிட்ஜிலிருந்து எட்டரை அங்குலத்தில் வந்து நிற்கும். அதை ஒட்டி நெக் பிக்கப்பும் இருந்தால் விரல் நுழைத்து ஸ்ட்ரிங்கைச் சுண்ட இடம் போதாது.

ஸ்ட்ரிங்குகளுக்கு இடையிலான தூரமும் இதோடு சேர்ந்தது. ஐபனேஸ் எஸ்ஆரில் 16.5 மி.மீ., டிஆர்பிஎக்ஸ்305-ல் 18, இன்னும் சிலவற்றில் 19. நெருக்கமாக இருந்தால் விரல் வேகம், அகலமாக இருந்தால் ஸ்லாப் சுகம். பிக்கப் அந்த அகலத்துக்குப் பொருந்துகிறதா என்பதை நேராக மேலிருந்து பார்த்தால் தெரியும். காந்தத் துருத்தல்கள் வெளியே தெரியும் பிக்கப்பில் ஓரங்களில் இருக்கும் லோ பி-யும் மெல்லிய ஜி-யும் அவற்றுக்கு நேராக, அல்லது துருத்தல் ஜோடிக்கு நடுவே ஓட வேண்டும். விளிம்பைத் தாண்டிப் போனால் அந்த ஸ்ட்ரிங் மட்டும் சோர்ந்து ஒலிக்கும்.

கடையில் சோதிக்கும் முறை

ஆம்பில் எல்லா டோன் குமிழ்களையும் நடுவில் வையுங்கள். பேஸிலும் அப்படியே. கடைக்காரர் பேஸ் குமிழைக் கூட்டிக் காட்டுவார், பணிவாக மறுத்துவிடுங்கள்.

முதலில் ஓப்பன் ஈ-யை மீட்டுங்கள். உடனே லோ பி-யின் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே ஈ-யை மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரம். இரண்டாவது ஈ கொஞ்சம் கனமாக இருக்கும், அது சரி. ஆனால் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், தொடக்கத்தில் விரல் படும் அந்த "டக்" இரண்டிலும் கேட்க வேண்டும். லோ பி-யில் அந்த "டக்" காணாமல் போய் "பூ" என்று மட்டும் வந்தால் பிளெண்டை பிரிட்ஜ் பக்கம் திருப்பி மறுபடி வாசியுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்த பேஸ் உங்களுக்கு வேண்டாம். அப்புறம் லோ பி-யில் மூன்றாவது ஃப்ரெட், முதல் ஃப்ரெட், ஓப்பன் என்று டி, சி, பி இறங்குங்கள். கண்ணை மூடினால் மூன்று ஸ்வரமும் தனித்தனியாகத் தெரிகிறதா?

பிறகு பிக்கப் ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். வாசிக்காமல் ஸ்ட்ரிங்கின் மேல் கையை மட்டும் வைத்து, கடையின் விளக்குகளுக்கு அடியில் மெதுவாகத் திரும்புங்கள். திரும்பும் திசைக்கு ஏற்ப இரைச்சல் ஏறி இறங்கினால் சிங்கிள் காயிலின் குணம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் ஆம்பை விட்டு, டிஐ பாக்ஸ் (பேஸை நேராக மிக்சரில் இணைக்க உதவும் பெட்டி) வழியாக மிக்சருக்குக் கொடுத்தும் கேளுங்கள். மேடையில் சவுண்ட் எஞ்சினியர் அப்படித்தான் எடுக்கப் போகிறார். பல மிக்சர்களின் சேனலில் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் பட்டன் இருக்கும். பேஸ் சேனலில் அது அமுங்கியிருக்கிறதா என்று கச்சேரிக்குக் கச்சேரி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிக்கப் உயரத்தைச் சரிசெய்யாமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம். லோ பி-யைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடையே சுமார் 3 மி.மீ. வைத்து ஆரம்பியுங்கள். மிகவும் நெருக்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். ஜி பக்கம் கொஞ்சம் நெருக்கமாக இருக்கலாம். ஒரு திருகை அரைச் சுற்று திருப்பி, ஐந்து ஸ்ட்ரிங்கையும் ஒரே அழுத்தத்தில் மீட்டிக் கேட்டு, மறுபடி அரைச் சுற்று என்று போங்கள். லோ பி மற்றவற்றை விட ஓங்கினால் அந்தப் பக்கத்தை இறக்குங்கள், ஜி-யை ஏற்றாதீர்கள்.

அப்படியும் லோ பி மங்கலாக இருந்தால் புது ஸ்ட்ரிங் செட் மாட்டுங்கள். கடையில் மாதக்கணக்கில் தொங்கிய பேஸின் ஸ்ட்ரிங்கில் ஹார்மோனிக்ஸ் ஏற்கெனவே செத்திருக்கும். லோ பி-யின் தடிமன் 125 (அதாவது 0.125 அங்குலம்) இருந்தால் 130-க்கு மாற்றிப் பார்க்கலாம். புது ஸ்ட்ரிங், சரியான உயரம், சரியான செட்டப் மூன்றும் முடிந்து, இரண்டு மூன்று கச்சேரி வாசித்த பிறகும் குறை தெரிந்தால் மட்டும் பிக்கப் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அப்போது ஆர்டர் போடுவதற்கு முன் பழைய பிக்கப்பைக் கழற்றி அதன் நீளம், அகலம், திருகுத் துளைகளின் இடம், கீழே குழியின் ஆழம் நான்கையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.